வெள்ளம் நின்ற கோயிலைச் சீர்செய்வது: முதல் வேலை பூசுவதல்ல, உரிப்பது

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்குள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஐந்தடித் தண்ணீர் மூன்று நாள் நின்றது. 1880களில் கட்டிய கோயில், சுவர் இரண்டடி கனம். தண்ணீர் வடிந்ததும் உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்து, அடுத்த ஈஸ்டருக்குள் ஆராதனை தொடங்கிவிட்டோம். இப்போது பெயிண்ட் உரிகிறது, ஏழடி உயரம் வரை உப்பு பூக்கிறது, தெற்குச் சுவரில் ஒரு வெடிப்பு. சபையை நடத்துகிற சேகர கமிட்டியில் பாதிப்பேர் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்கிறார்கள். மீதிப்பேர் இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டுவோம் என்கிறார்கள். தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் வாங்குவதாக இருக்கிறோம். ஆல்டர் (பீடம்) பக்கம் தரை அமுங்கியிருக்கிறது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் நனைந்து கட்டியாகிவிட்டன. சாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்க்கலாமா? இந்த வருடப் பிரதிஷ்டைப் பண்டிகையை வெளியே பந்தலில் வைக்க வேண்டுமா? என்ன செய்யலாம்?

பதில்:

இரண்டு யோசனையும் வேண்டாம். உங்கள் கோயிலை வெள்ளம் கெடுத்ததைவிட, வெள்ளத்துக்குப் பிறகு செய்த வேலை அதிகம் கெடுத்திருக்கிறது. இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. 1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நான் டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆன பையன். ஆற்றங்கரையில் ஒரு சிறிய கோயிலுக்கு இதே வேலையை, இதே அவசரத்தில், கிறிஸ்துமஸுக்குள் முடித்துக் கொடுத்தேன். எல்லாரும் கை கொடுத்துப் பாராட்டினார்கள். நான்காம் வருடம் போய்ப் பார்த்தால் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாக நின்றது. தட்டினால் வெற்றுப் பானை மாதிரிச் சத்தம். ஒரு பாளத்தைப் பெயர்த்தேன். பின்னால் இருந்த செங்கல் விரல் பட்டவுடன் மாவாக உதிர்ந்தது. அன்றைக்குத்தான் சுண்ணாம்பைப் பற்றி ஒரு வயதான கொத்தனாரிடம் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். உங்கள் கோயில் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தது. அது தண்ணீரை உறிஞ்சும், காற்று பட்டால் திரும்ப வெளியே விட்டுவிடும். நூற்றி நாற்பது வருடமாக ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் அது அதைத்தான் செய்தது. பாளையங்கோட்டையில் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1785இல் பிரதிஷ்டை செய்த குளோரிந்தா கோயில் இன்றும் நிற்கிறதே, அதுவும் சிமெண்ட் என்ற பொருள் வருவதற்கு முந்தைய கட்டடம்தான். சிமெண்ட் பூச்சு இந்த மூச்சை அடைத்துவிடுகிறது. உள்ளே இருக்கிற ஈரம் பூச்சின் வழியே வர முடியாமல் மேலே மேலே ஏறுகிறது. ஐந்தடிதான் தண்ணீர் நின்றது, உப்பு ஏழடியில் பூக்கிறது என்று ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். வெளியேற வழி தேடி ஈரம் அங்கே போயிருக்கிறது. போகும்போது ஆற்று வண்டல், சாக்கடை, நிலத்தடி உப்பு எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிப் படிகமாகி, செங்கல்லின் துளைகளுக்குள்ளேயே பருத்து அதை உடைக்கிறது. பெயிண்டை மாற்றினால் இது தீராது. டைல்ஸ் ஒட்டினால் ஈரம் இன்னும் இரண்டடி மேலே போகும், அவ்வளவுதான்.

சுவர் காய எவ்வளவு காலம் ஆகும்? கட்டட வேலையில் ஒரு மனக்கணக்கு உண்டு: ஒரு அங்குலச் சுவருக்கு ஒரு மாதம். உங்களுடையது இருபத்திநான்கு அங்குலம். ஒரு பக்கம் மட்டும் காற்று பட்டால் இரண்டு வருடம், இரு பக்கமும் திறந்திருந்தால் நம்மூர் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏறக்குறைய ஒரு வருடம். வெள்ளம் வந்தே இத்தனை நாள் ஆகிவிட்டதே, காய்ந்திருக்காதா என்று கேட்பீர்கள். காய்ந்திருக்காது. இரண்டு பக்கமும் சிமெண்டால் மூடியிருப்பதால் உங்கள் சுவருக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. இரண்டடிச் சதுரத்துக்கு ஒரு தெளிவான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தால் சுவர் ஈரம். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், சுவரில் மெல்ல டிரில் போட்டு ஆழத்திலிருந்து வரும் தூளை உடனே டப்பாவில் அடைத்து, நகைக்கடைத் தராசில் நிறுத்து, அடுப்பில் ஈரம் போக வறுத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடை தண்ணீர். கமிட்டிக் கூட்டத்தில் இந்த டப்பாவைக் கொண்டுபோய் வைத்தால் பேச்சு பாதியாகக் குறையும். எனக்கு இது இரண்டு கோயிலில் உதவியது.

வெடிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் இடிப்பதா வேண்டாமா என்பதற்கு அதுதான் பதில் சொல்லும். தூக்குக்குண்டு போட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். வெடிப்பின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகளை மூன்று இடத்தில் காரையால் ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். ஆறு மாதம் உடையாமல் இருந்தால் அது பழைய காயம், தைத்துவிடலாம். மண் எது என்பதும் முக்கியம். உங்கள் பக்கம் ஆற்று வண்டல். வேகமாக ஓடிய தண்ணீர் மூலையடியில் மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கும். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் செந்நிறத் தேரி மணல் என்றால் அரிப்பு இன்னும் மோசமாக இருக்கும். கோவில்பட்டிக் கரிசலில் கதையே வேறு: அந்த மண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும், அதனால் வெடிப்பு வெள்ளம் வந்தபோது அல்ல, நாலைந்து மாதம் கழித்துத்தான் வாய் திறக்கும். அங்கே ஒரு மழையும் ஒரு கோடையும் முழுசாகப் பார்க்காமல் வெடிப்பைத் தொடவே கூடாது.

தெற்குச் சுவரின் மூலையில், மூன்றடிக்கு மூன்றடி ஒரு குழி தோண்டி அஸ்திவாரத்தைக் கண்ணால் பாருங்கள். ஒரே சமயத்தில் ஒரு குழி போதும், நாலாபக்கமும் தோண்டிவிடாதீர்கள். அடியில் மண் போய் வெற்றிடம் தெரிந்தால், மூன்று நான்கடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி நிரப்ப வேண்டும். மொத்த நீளத்தையும் ஒரே நாளில் திறந்தால் சுவர் உட்கார்ந்துவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் என் பேச்சை நம்பி இறங்காதீர்கள். பழைய கட்டடங்களில் வேலை செய்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நேரில் கூட்டி வந்து காட்டுங்கள். கான்கிரீட் மட்டும் தெரிந்தவர் வந்தால் பத்து நிமிடத்தில் இடிக்கச் சொல்லிவிட்டுப் போவார். அது அவர் தப்பில்லை, அவர் படித்தது அது.

சரி, வேலை. இதற்கு நம்மூர்ப் பருவத்தை அனுசரித்துத்தான் போக வேண்டும். தை, மாசியில் சிமெண்ட் பூச்சை உரியுங்கள். உள்ளேயும் வெளியேயும், உப்பு தெரிகிற உயரத்துக்கு மேல் இன்னும் மூன்றடி வரை. உளியும் சுத்தியலும்தான். பிரேக்கர் மெஷின் வைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் அதிர்வில் பழைய காரை சுவருக்குள்ளேயே விட்டுப்போகும். சில இடத்தில் சிமெண்ட் செங்கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். அப்படி வந்தால் அங்கே நிறுத்திவிட்டு, ஓரமாக மெல்லக் கீறிக் கீறி எடுக்கச் சொல்லுங்கள். கான்ட்ராக்டரிடம் சதுர அடிக் கணக்கில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நாள் கூலிக்குக் கொடுங்கள். அவசரம் காட்ட அவர்களுக்குக் காரணமே இருக்கக் கூடாது.

உரித்தபின் பங்குனியிலிருந்து ஆடி வரை ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கட்டும். சித்திரை வெயிலை விட, ஆனி ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றுதான் சுவரைக் காய வைக்கும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் அந்தக் காற்று கோயிலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகும். ஹீட்டர், பெரிய ஃபோகஸ் லைட் எதுவும் வேண்டாம். மேல்தோல் மட்டும் வேகமாகக் காய்ந்து உப்பு எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து வெடிக்கும்.

இந்த மாதங்களில் செங்கல் முகத்தில் வெள்ளையாக உப்பு பூத்துக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம், வெளியே வருவது நல்லது. ஆனால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு இது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, கீழே தாள் விரித்து அதில் சேர்த்து, வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். கோயிலைச் சுற்றியே கொட்டிவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும். ரொம்பப் பிடித்த இடங்களுக்குப் பழைய நியூஸ்பேப்பரை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கொஞ்சம் வெள்ளைக் களிமண் சேர்த்து, அரை அங்குலக் கனத்தில் அப்புங்கள். காயக் காய உப்பைக் கூழ் உறிஞ்சிக்கொள்ளும். தானாக விட்டு வந்ததும் எடுத்துவிட்டு இன்னொரு முறை. வாலிபர் சங்கப் பிள்ளைகளை வைத்தே செய்துவிடலாம், நாலு சனிக்கிழமை போதும். கூழுக்கும் சரி, பிறகு சாந்துக்கும் சரி, உங்கள் ஊர் போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் வேண்டாம், டேங்கரில் ஆற்றுத் தண்ணீர் வாங்குங்கள். உப்பை எடுக்கிற வேலைக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றிய கோயிலையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழை போகட்டும். அடுத்த தை, மாசியில் சுண்ணாம்புப் பூச்சு. வெயில் குறைவு, மழை இல்லை, சாந்து மெல்ல இறுகும். சுண்ணாம்பு சிமெண்ட் மாதிரி ஒரே நாளில் கெட்டிப்படாது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி வாங்கித்தான் கல்லாகும், அதற்கு ஈரமும் வேண்டும். அதனால் பூசிய சுவரின் முன் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, இரண்டு மூன்று வாரம் வெயிலும் காற்றும் நேராகப் படாமல் காக்க வேண்டும்.

மூட்டையில் வரும் பொடிச் சுண்ணாம்பு பெரும்பாலும் நாள்பட்டு வீரியம் போனது. சூளையிலிருந்து புதுசாகச் சுட்ட கல் சுண்ணாம்போ, தூத்துக்குடிக் கடற்கரைக் கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்கி, குழி வெட்டித் தண்ணீரில் நீற்றுங்கள். கொதிக்கும், தெறிக்கும், கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. சலித்து, மேலே தண்ணீர் நிற்க, குறைந்தது பதினைந்து நாள் ஊற வேண்டும். ஒரு மாதம் ஊறினால் வெண்ணெய் மாதிரி வரும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். ஆற்று மணல் இப்போது கிடைப்பது அரிது, எம்-சாண்ட் ஆனாலும் தூசு போகக் கழுவிவிட்டால் பரவாயில்லை. தேரி மணல் ஆகாது, மாவு மாதிரி இருக்கும், பிடிக்காது. தரையிலிருந்து நாலடி வரைக்கும் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் நன்றாக வெந்த செங்கல்லின் பொடியைச் சேருங்கள். சுர்க்கி என்பார்களே, அதுதான். ஈரமான இடத்திலும் இறுகும்.

கடுக்காயும் கருப்பட்டியும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உடன்குடிக் கருப்பட்டி பக்கத்திலேயே இருக்கும்போது விட மனசு வராதுதான். கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்துச் சாந்து குழைத்தால் வேலைப்பாடு நன்றாக வரும், விரிசலும் குறையும். ஆனால் அளவு கூடினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். முட்டை வெள்ளைக்கருவெல்லாம் கடைசி வழவழப்புப் பூச்சுக்கு மட்டும். உங்கள் கோயிலுக்கு அது தேவையே இல்லை. இந்த ருசிப் பொருள்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். நன்றாக ஊறாத சுண்ணாம்பில் எவ்வளவு கருப்பட்டி போட்டாலும் வீண்.

கமிட்டியிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: முதல் பூச்சு போய்விடும். மிச்ச உப்பை அது தன்மேல் வாங்கிக்கொண்டு ஒரு வருடம், இரண்டு வருடத்தில் பொரியும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு இன்னொரு பூச்சு போட வேண்டும். காசு வீண் என்று தோன்றும். செங்கல் போவதற்குப் பதில் பூச்சு போகிறது, அதற்காகத்தான் அதைப் பூசுகிறோம். மேலே அடிப்பதும் சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் கூடாது.

தரைக்கு வாங்குவதாகச் சொன்ன விட்ரிஃபைடு டைல்ஸை ஆர்டர் கொடுக்காதீர்கள். தரையை அடைத்தால் அடியிலுள்ள ஈரம் பக்கச் சுவருக்குத்தான் போகும். பழைய கருங்கல் பலகையோ தட்டோடோ அடியில் இருந்தால் அதையே எடுத்துச் சுத்தம் செய்து, சுண்ணாம்புக் காரையில் திரும்பப் பதியுங்கள். ஆல்டர் பக்கம் தரை அமுங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். பழைய கோயில்களில் மிஷனெரிமாரையோ குருமாரையோ உள்ளே அடக்கம் செய்த வழக்கம் உண்டு, அந்த இடமாக இருக்கலாம். தோண்டுமுன் உங்கள் சபை குருவான ஐயரிடம் கேட்டுவிடுங்கள். நினைவுக் கல்வெட்டுகளைத் துடைக்க ஆசிட் வேண்டவே வேண்டாம். சலவைக்கல் அரித்து எழுத்தே போய்விடும். தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

வெளியே வந்து கோயிலைச் சுற்றிப் பாருங்கள். ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, உங்கள் கோயில் இப்போது ஒரு தட்டின் நடுவில் இருக்கும். அந்தக் காலத்தில் மூன்று படி ஏறிப் போன வாசலுக்கு இன்று ஒரு படிதான் இருக்கிறதா என்று பெரியவர்களைக் கேளுங்கள். சுவரை ஒட்டிப் போட்ட பேவர் பிளாக்கை மூன்றடி அகலத்துக்கு எடுத்துவிட்டு, ஏறிய மண்ணை வெட்டி, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு திறந்த வாய்க்கால், அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல். காயல்பட்டினத்தில் அந்த டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரே நாளில் பெய்தது ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். ஆறு மட்டுமல்ல, குளங்கள் உடைந்துதான் பல ஊர் மூழ்கியது. அந்த வெள்ளத்தை வாய்க்கால் தடுக்காது. ஆனால் சாதாரண கார்த்திகை மழை சுவரடியில் தேங்காது, அதுவே பெரிய காரியம். கூரையில் ஓட்டுச் சரிவுகள் சேருகிற தகரக் கால்வாயையும், உத்தரங்கள் சுவருக்குள் நுழைகிற முனையையும் ஒரு முறை பாருங்கள். தமரூசியால் (கூரான துளையூசியால்) உத்தர முனையைக் குத்தினால் உள்ளே இறங்கக் கூடாது. ஈரச் சுவருக்குக் கரையான் சீக்கிரம் வரும். வயரிங் வெள்ளத்துக்குப் பின் மாற்றவில்லை என்றால் மெக்கர் (மின்கசிவு சோதிக்கும் கருவி) வைத்துச் சோதிக்காமல் மைக் செட் கூடப் போடாதீர்கள்.

பதிவேடுகள். நனைந்த இரண்டு நாளுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைய வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்காமல் நின்றிருக்கும், பிறகு நிதானமாகக் காய வைத்திருக்கலாம். மீனும் இறாலும் உறைய வைக்கிற குளிர்க்கிடங்குகள் தூத்துக்குடியில் இருக்கின்றன. அடுத்த முறைக்கு இதை எழுதி வையுங்கள். இப்போது கட்டியாகிவிட்ட புத்தகத்தைக் கத்தி வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 1984இல் தொடங்கிய இன்டாக் (INTACH) அமைப்பிடம் விசாரிக்கலாம், அவர்கள் கட்டடத்துக்கும் ஆலோசனை சொல்வார்கள். நம்பிக்கை இழக்க வேண்டாம். அந்தக் காலத்து இரும்பு மசியால் எழுதியிருந்தால் தண்ணீரில் எளிதில் கரையாது. பிற்காலத்துப் பவுண்டன் பேனா மைதான் ஓடியிருக்கும். திருமணப் பதிவுகளுக்கு 1872ஆம் வருடத்துச் சட்டப்படி அரசுப் பதிவாளருக்கு நகல் போயிருக்க வேண்டும், அதையும் தேடலாம்.

பணம். தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசின் நிதியுதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை. கலெக்டர் ஆபீசிலுள்ள பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேளுங்கள். திருமண்டல (பிஷப் நிர்வாகத்தின்) அனுமதி இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். நான் சொல்கிற முறையில் சாமானை விடக் கூலிதான் அதிகம் ஆகும், அதுவும் இரண்டு வருடத்தில் பரவி வரும். அறுப்பின் பண்டிகை ஏலக் காசை இரண்டு முறை ஒதுக்கினால் ஒரு பகுதியைச் சமாளிக்கலாம். இரண்டு வருடமா என்று கமிட்டியில் யாராவது எழுந்தால், இடையன்குடிக் கோயிலைக் கால்டுவெல் 1847இல் தொடங்கி 1880இல்தான் முடித்தார் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, இந்த வருடப் பிரதிஷ்டைப் பண்டிகையை வெளியே பந்தலில் வைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சுவர் சாயாமலும் கண்ணாடி உடையாமலும் இருந்தால் உள்ளேயே வைக்கலாம். தெற்குச் சுவர்ப் பக்கம் மட்டும் கயிறு கட்டி ஆளை விடாதீர்கள். மற்ற பெஞ்சுகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள். காற்று போகும், பெண்களின் பண்டிகைச் சேலையிலும் செங்கல் தூள் ஒட்டாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதென்ன தோலுரித்த ஆடு மாதிரிக் கோயிலை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் செய்வார்கள். பண்டிகைக்கு முந்தின நாளே அந்தப் பாலித்தீன் தாளை ஒட்டி வைத்து, அசனம் (சபை விருந்து) சாப்பிட்டு வந்ததும் அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.